தங்கச்சிக்கு 80, அண்ணனுக்கு 38: வாசகர் கேள்வி பதில்

தவணைப் பரீட்சையின் தேர்ச்சி அறிக்கைகள் வீடுகளுக்குப் போன கையோடு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

மகன் தரம் 10, மகள் தரம் 8. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே ரியூசன் சேர். மகளுக்கு எல்லாப் பாடமும் 75க்கு மேல, கணிதம் 80. மகனுக்குக் கணிதம் 38, தமிழ் 51. "ஆம்பிளைப் புள்ளையளுக்குப் படிப்பு ஏறாது, அதுகள் வேற மாதிரி" எண்டு மாமி சொல்றா. உண்மையா?
— ஒரு தாய், மண்டூர்

மாமி சொல்வதில் கால்வாசி உண்மை. பாடசாலைப் புள்ளிகளில் பெண் பிள்ளைகள் முன்னுக்கு நிற்பது மண்டூரில் மட்டும் நடப்பதல்ல. 1914 முதல் 2011 வரை பல நாடுகளில் சேர்ந்த, 10 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் புள்ளிகளை டேனியல் வோயர், சூசன் வோயர் என்ற கனடிய ஆய்வாளர்கள் 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொழிப் பாடங்களில் பெண்களின் முன்னிலை அதிகம், கணிதத்தில் மிகக் குறைவு. நம் நாட்டிலும் பல்கலைக்கழக அனுமதி பெறுகிறவர்களில் 10 பேருக்கு 6 பேர் அளவில் பெண்கள்தான்.

ஆனால் அந்த முன்னிலை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் சோடி சேர்த்தால், 100 சோடிகளில் ஏறத்தாழ 56இல் பெண்ணுக்குக் கூடிய புள்ளி, 44இல் ஆணுக்கு. அவ்வளவுதான். 80க்கும் 38க்கும் இடையில் இருக்கிற பள்ளத்தை "ஆம்பிளைப் புள்ளை" என்ற சொல்லைப் போட்டு மூட முடியாது.

மூளை வித்தியாசமும் அல்ல. அமெரிக்காவில் அஞ்சலா டக்வர்த், மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 164 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நுண்ணறிவுச் சோதனை வைத்தார்கள். சுயகட்டுப்பாட்டைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு அளந்தார்கள். இப்போதே ஒரு டொலர் வேண்டுமா, ஒரு கிழமை பொறுத்து 2 டொலர் வேண்டுமா என்றும் கேட்டுப் பார்த்தார்கள். வருட முடிவுப் புள்ளியை முன்கூட்டிக் காட்டியதில் சுயகட்டுப்பாடு, நுண்ணறிவைவிட 2 மடங்குக்கு மேல் பலமாக நின்றது. 2006இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த கட்டுரையில், பெண் பிள்ளைகள் நுண்ணறிவில் ஆண்களை முந்தவில்லை. சுயகட்டுப்பாட்டில் முந்தினார்கள். பாடப் புள்ளியிலும் முந்தினார்கள்.

அந்தச் சுயகட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் வளர்ச்சி. பெண் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடம் முந்திப் பருவமடைகிறார்கள்; ஒரு விடயத்தில் கவனத்தைப் பிடித்து வைப்பதும் சிறு வயதிலேயே அவர்களுக்குச் சற்று இலகு. மிச்சம் வீட்டுச் சட்டம். விளக்கு வைக்க முதல் மகள் வீட்டில் இருக்க வேண்டும், மகனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் மகளுக்கு ஒவ்வொரு நாளும் கொப்பி திறக்கும் நேரம் தானாக அமைந்துவிடுகிறது. மகனோ சந்தியில் கூட்டாளிகளோடு நிற்கும்போது, எழும்பிப் போவதா இல்லையா என்று தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 15 வயதில் யார் எடுப்பார்? மகளை அடைத்து வைக்கச் சொல்லவில்லை. மகனுக்கும் ஒரு நேரத்தை வையுங்கள் என்கிறோம்.

அதற்கு முதல் ஒரு சோதனை. தரம் 7, 8 கணிதப் பாடநூல்களில் இருந்து 10 கணக்கு எடுங்கள்: பின்னம் கூட்டல் கழித்தல் 3, திசைகொண்ட எண்கள் 3, சதவீதம் 2, எளிய சமன்பாடு 2. நேரம் அரை மணித்தியாலம். 7க்குக் குறைவாகச் சரி வந்தால் மகன் சோம்பேறி இல்லை, அத்திவாரம் இல்லாமல் நிற்கிறான். தரம் 10 கணக்கை இன்னும் இரண்டு ரியூசனுக்கு அனுப்பினாலும் ஏறாது. 6 கிழமைக்கு அந்தப் பழைய புத்தகங்களை, நாளுக்கு 5 கணக்கு வீதம், தங்கச்சி பார்க்காத இடத்தில் இருந்து செய்யட்டும். கடைசி நிபந்தனை முக்கியம். தங்கச்சியின் வகுப்புப் புத்தகத்தை அவள் முன்னால் திறக்கச் சொன்னால் எந்த அண்ணனும் திறக்க மாட்டான்.

எண்ட மகன் தரம் 11. இஷாத் தொழுகைக்குப் பிறகு மேசையில இருந்தா 3 மணித்தியாலம் எழும்ப மாட்டான். ஆனா மார்க்ஸ் ஏறவேயில்ல. சுயகட்டுப்பாடு இல்லையெண்டும் சொல்லேலாது. என்ன பிழை?
— ஒரு வாப்பா, சம்மாந்துறை

மேசையில் இருப்பது ஒரு வேலை, படிப்பது இன்னொரு வேலை. உங்கள் மகனுக்கு முதலாவது நன்றாகப் பழகிவிட்டது. 3 மணித்தியாலம் என்று நேரத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை நேரத்தைத்தான் முடிக்கும்.

இன்றிரவு அவர் எழும்பியதும் "படிச்சியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஓம்" தவிர வேறு பதில் கிடையாது. "இண்டைக்கு எந்தக் கணக்கு வரல்ல?" என்று கேளுங்கள். ஒன்றைக் காட்டினால் படித்திருக்கிறார். "எல்லாம் வந்திச்சி" என்றால் கொப்பியைப் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாற்றுவது இப்படி. முதல் கிழமை 25 நிமிடத் துண்டு இரண்டு மட்டும், நடுவில் 5 நிமிடம். ஒவ்வொரு துண்டும் தொடங்க முதல் சின்னக் காகிதத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: "இருபடிச் சமன்பாடு, 4 கணக்கு". "கணிதம் படித்தல்" என்று எழுதினால் அந்தக் காகிதம் செல்லாது, ஏனென்றால் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மணி அடித்ததும் நிறுத்திவிட்டு, எத்தனை முடிந்தது, எது வரவில்லை என்று பின்பக்கத்தில் குறிக்க வேண்டும். இரண்டாம் கிழமை 3 துண்டு, மூன்றாம் கிழமை 4. பாடசாலை நாளில் அதற்கு மேல் வேண்டாம்.

நேரம்: 13 முதல் 18 வயதுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியால நித்திரை தேவை. இஷாவுக்குப் பிறகு 3 மணித்தியாலம் இருந்துவிட்டு சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிற பிள்ளைக்கு 6 மணித்தியாலம் கிடைத்தாலே பெரிது. அப்படிப் படித்தது மூளையில் தங்குவதும் குறைவு. 2 துண்டை இரவு 7.45க்குத் தொடங்கி 8.40க்கு முடித்து 9 மணிக்குப் படுக்கட்டும். மற்ற 2 துண்டு சுபஹுக்குப் பின்.

தொடக்கத்தை ஒரு செயலோடு கட்டிவிட வேண்டும். "இஷா முடிஞ்சு வந்து தொப்பியைக் கழற்றி வைச்சதும் கணிதக் கொப்பியைத் திறப்பன்" என்று அவரே தன் கையால் எழுதி மேசையில் ஒட்டட்டும். பீற்றர் கோல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்த முறை இது. "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று தீர்மானித்தவர்கள், "நல்லாப் படிப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானித்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் பெற்றோர் பக்கம். 4 கணக்கை 15 நிமிடத்தில் முடித்துவிட்டு வந்த பிள்ளையிடம் "முடிச்சிட்டியா? அப்ப இதையும் செய்" என்று இன்னும் நாலைக் கொடுப்பது மிகப் பெரிய பிழை. கெதியாக முடித்தால் தண்டனை என்று பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் அதே 4 கணக்கு 3 மணித்தியாலம் போகும். உங்கள் மகனின் 3 மணித்தியாலமும் இப்படி வளர்ந்ததுதானா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள், தவறியது தவறியதுதான். காகிதத்தை முதல் 2 கிழமை தினமும் பாருங்கள், அடுத்த 2 கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும். பார்ப்பதைக் குறைக்காவிட்டால் அது உங்கள் கட்டுப்பாடாகவே இருக்கும், அவருடையதாகாது.

நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் படிச்சம். ரெண்டு போட்டாத் திருந்துவான்தானே?
— வாழைச்சேனை

அடி விழுந்தால் நீங்கள் நிற்கிற நேரத்தில் செய்வான். நீங்கள் இல்லாத நேரத்தில் செய்வதற்குப் பெயர்தான் சுயகட்டுப்பாடு, அதற்கு அடி உதவாது. பாடசாலையில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சே சுற்றறிக்கை மூலம் தடுத்திருக்கிறது. வீட்டில் மட்டும் அது மருந்தாகிவிடாது. ஏதாவது தண்டனை வேண்டுமென்றால் சின்னதாக, உடனே, சொன்னபடி: இன்றைய கணக்கு இல்லையா, நாளைய கிரிக்கெட்டில் அரை மணித்தியாலம் இல்லை. "ஒரு மாசம் வெளியில போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் விட்டுக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் தரம் 11 மாணவி. கொப்பி எல்லாம் வடிவா எழுதுவன், முக்கியமான இடத்துக்கு மூன்று நிறத்தில கோடு போடுவன். ஒரு நாளும் வீட்டுவேலை குடுக்காம விட்டதில்ல. ஆனா விஞ்ஞானம் 52ஐத் தாண்டுதில்ல. "நீ உழைக்கிற பிள்ளை, கடவுள் பார்த்துக்கொள்வார்" எண்டு டீச்சர் சொல்றா.
— அக்கரைப்பற்று

தங்கச்சி, பெண் பிள்ளைகள் முந்துகிறார்கள் என்ற பேச்சில் மறைந்துபோகிற பிள்ளை நீங்கள். சுயகட்டுப்பாடு உங்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறது, அதை எழுத்து அழகுக்குச் செலவழிக்கிறீர்கள். வீட்டுவேலைக்கும் கொப்பிக்கும் அது புள்ளி வாங்கித் தரும். சாதாரண தரப் பரீட்சையில் உங்கள் கொப்பியை யாரும் பார்க்கப் போவதில்லை.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் செய்த பரிசோதனை ஒன்று உங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு பந்தியை ஒரு குழு 4 முறை வாசித்தது. மற்றக் குழு ஒரு முறை வாசித்துவிட்டு, 3 முறை பார்க்காமல் நினைவில் இருந்து எழுதியது. 5 நிமிடத்தில் கேட்டபோது வாசித்த குழுவே முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது "எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தை நம்பித்தான் 52இல் நிற்கிறீர்கள்.

நிறப் பேனைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு. ஓர் அலகை ஒரு முறை வாசித்து, கொப்பியை மூடி, பழைய கடதாசியில் 10 நிமிடம் நினைவில் வந்ததெல்லாம் எழுதுங்கள், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பரவாயில்லை. இதயத்தின் குறுக்குவெட்டு, மின்சுற்று போன்ற படங்களைப் பார்க்காமல் வரைந்து பெயரிடுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பால் நிரப்புங்கள். அடுத்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள் அந்தச் சிவப்புப் பகுதியை மட்டும் மறுபடி. பச்சையும் மஞ்சளுமாக நீங்கள் கோடு போடும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்யுங்கள். விஞ்ஞானம் முதலாம் பகுதியில் 40 பல்தேர்வு, ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். பிழைத்த வினாக்களை இரண்டாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் பிழைத்தது. தெரியாததற்கு அலகைத் திரும்பப் படிக்க வேண்டும். தெரிந்தும் பிழைத்ததற்கு இன்னும் வினாத்தாள் செய்ய வேண்டும். அமைப்புக் கட்டுரை வினாக்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தச் சொல்லுக்குப் புள்ளி விழுகிறது என்று தெரியும். 65 வந்தால் பி, 75 வந்தால் ஏ.

இனி எழுதுவது இவருடைய பெற்றோருக்கு. கூட்டுதல், கோப்பை கழுவுதல், தம்பியைப் பார்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால், கிழமைக்குப் பத்தரை மணித்தியாலம். ஒரு தாளை எடுத்து ஒரு கிழமைக்கு வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். "பொறுப்பான புள்ளை" என்று நாம் புகழ்வது, அண்ணன் செய்யாததையும் சேர்த்து அவள் செய்வதைத்தான். தட்டை அவரவர் கழுவினால் ஆண் பிள்ளைக்கும் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் பழக்கம் வரும்.

பரீட்சை முடியும் வரைக்கும் மகன்ட போனைப் பறிச்சு வைக்கலாமா? ரியூசன் நோட்ஸ் வாட்ஸ்அப்பிலதான் வருது.
— களுவாஞ்சிகுடி

பறித்தால் கூட்டாளி வீட்டுக்குப் போவான். பறிக்காமல் தள்ளி வையுங்கள். படிக்கிற துண்டு நேரத்தில் போன் வேறு அறையில், சத்தம் நிறுத்தி, உங்கள் அலுமாரிக்கு மேல். கவிழ்த்து மேசையில் வைப்பது போதாது. நோட்ஸ் இறக்குவதற்கு மாலையில் 15 நிமிடம். இறக்கியதைக் கையால் எழுதிக்கொள்ளட்டும் அல்லது பிரதி எடுக்கட்டும். "விடிய எழும்ப அலாம் வேணும்" என்பான். மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆசையோடு மல்லுக்கட்டுகிற மாணவரைவிட, ஆசைப்படும் பொருளை முதலே தூரத்தில் வைக்கிற மாணவர் தன் இலக்கை நன்றாக அடைகிறார் என்று டக்வர்த்தும் சகாக்களும் 2016இல் காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டு ரீவியும் அப்பாவின் பேஸ்புக்கும் ஓடினால் இந்தப் பதில் வேலை செய்யாது.

தரம் 9இல் 38 பிள்ளைகள். வீட்டுவேலை தராதவர்கள் அநேகமாக ஆண் பிள்ளைகளே. புள்ளி குறைத்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?
— கணித ஆசிரியர், கொக்கட்டிச்சோலை

புள்ளி குறைப்பதை முதலில் நிறுத்துங்கள். கணிதம் தெரிந்தும் கொப்பி தராத பிள்ளைக்கு 40 போட்டால் அந்த 40 எதை அளக்கிறது? புள்ளிப் பதிவேட்டில் ஒரு நிரல் கணிதத்துக்கு, இன்னொரு நிரல் ஒப்படைத்ததற்கு என்று பிரித்து வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டையும் காட்டினால், "மண்டையில் ஒன்றுமில்லை" என்று நினைத்து வந்த அப்பா "கொப்பிதான் தரல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வீட்டுவேலை 5 கணக்கு போதும். முதலாவதை வகுப்பிலேயே தொடங்கி வையுங்கள், ஏனெனில் வீட்டில் வெற்றுப் பக்கத்தைத் திறப்பதுதான் கடினம். மறுநாள் பாடத்தின் முதல் 5 நிமிடத்தில் வரிசை வரிசையாகச் சேருங்கள். "பிறகு கொண்டு வந்து தாங்க" என்ற வாய்ப்பே இருக்கக் கூடாது. தராதவர் இடைவேளையில் 2 கணக்கை வகுப்பிலேயே செய்து தரட்டும். ஏச்சு வேண்டாம்.

திருத்தும்போது பெயரை மறையுங்கள். இஸ்ரேலில் விக்டர் லாவி என்ற பொருளியலாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெயர் தெரியாமல் திருத்திய பொதுப் பரீட்சைப் புள்ளியையும், பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் போட்ட புள்ளியையும் ஒப்பிட்டார். ஆசிரியர் போட்ட புள்ளியில் ஆண் பிள்ளைகளுக்கே வெட்டு விழுந்திருந்தது. குழப்படி செய்கிற பிள்ளையின் கணக்கும் குழப்படியாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறது. தாளின் மேல் மூலையை மடித்து ஊசி குத்திவிட்டு, முதலாம் வினாவை 38 தாளிலும் திருத்தி முடித்த பிறகு இரண்டாம் வினாவுக்குப் போங்கள். நேரம் கூடாது; சொல்லப்போனால் குறையும்.

ஒரு விடயம்: சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையையும் கவனியுங்கள். கவனக் குறைபாடு ஆண் பிள்ளைகளில் துள்ளலாகத் தெரிவதால் பிடிபடுகிறது. பெண் பிள்ளைகளில் அமைதியாக இருப்பதால் வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது. கரும்பலகையைக் கொப்பியில் எழுதத் தடுமாறினால் முதலில் கண் பரிசோதனை.

4 வயது மகனுக்கு இனிப்பை வைத்துக் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டான். அமெரிக்க ஆராய்ச்சியின்படி இவன் படிக்க மாட்டானா?
— கல்லாறு

நிம்மதியாக இருங்கள். வோல்டர் மிஷெல் என்ற உளவியலாளர் செய்த அந்தப் பழைய சோதனையை 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளில் திரும்பப் பார்த்தார்கள். இனிப்புக்கு முன்னால் காத்திருந்த நேரத்துக்கும் பின்னாளைய படிப்புக்கும் இடையிலான தொடர்பு பாதியாகக் குறைந்தது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் மிச்சத்திலும் பெரும்பகுதி போய்விட்டது. 2013இல் செய்த இன்னொரு சோதனையில், சொன்ன பொருளைக் கொண்டு வந்து கொடுத்த பெரியவருக்காகப் பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தார்கள். சொல்லிவிட்டு ஏமாற்றியவருக்கு 3 நிமிடம். "சந்தையால வரக்குள்ள வாங்கி வாறன்" என்று சொல்லி எத்தனை முறை வெறுங்கையோடு வந்தீர்கள் என்பதைத்தான் உங்கள் மகன் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கவும் கூடும்.

பெரும்போகம் கதிர் பழுக்கிற நேரம் யானைக் காவலுக்கு தரம் 10 படிக்கிற மகனும் வாடிக்கு வரத்தான் வேணும், ஆள் இல்ல. படிப்புக் கெடுதெண்டு தாய் சத்தம் போடுறா.
— வெல்லாவெளி

தாய் சொல்வது சரி, ஆள் இல்லை என்பதும் சரி. ஓர் இரவு முழித்தால் அடுத்த நாள் வகுப்பில் உடம்பு மட்டும்தான் இருக்கும், தொடர்ந்து 3 இரவு என்றால் அந்தக் கிழமையே போய்விடும். ஆகவே பாடசாலைக்கு முந்திய இரவுகளில் வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் வரட்டும். அதுவும் முதல் காவல் அவனுக்கு, இருட்டியதில் இருந்து 10 மணி வரை. பிறகு வாடியில் படுத்துவிட வேண்டும், எழுப்பக் கூடாது. தனியே விடாதீர்கள், யானை வெடியை அவன் கையில் கொடுக்காதீர்கள். காவலில் ரோச் வெளிச்சத்தில் புத்தகம் வாசிப்பது நடக்காத காரியம். முன்பக்கம் வினா, பின்பக்கம் விடை எழுதிய சின்ன அட்டை 20ஐச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். நீங்கள் வினாவை வாசித்துக் கேட்டால் அவன் பதில் சொல்வான், உங்களுக்கும் நித்திரை வராது. தவணைப் பரீட்சை நடக்கிற கிழமையும் அதற்கு முந்திய கிழமையும் பக்கத்து வயல்காரரோடு முறை மாற்றிக்கொள்ளுங்கள்; அறுவடைக்கு நீங்கள் ஒரு நாள் கூடக் கொடுத்து ஈடுசெய்யலாம். ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு அவன் வீடு வந்துவிட வேண்டும், 9 மணிக்குப் பாயில்.